இங்கே சரியாக ஓடுகிறது

டிசம்பர் மாதத்தில் போர்ட் பிளேரில் மாலை 5 மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கும். இந்தியாவின் பொதுநேரம் மிர்சாப்பூர் வழியாகச் செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவது. அந்தமானின் தலைநகரமோ அதற்குக் கிழக்கே பத்துப் பாகைக்கும் சற்று அதிகமாக விலகிக் கிடக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பார்த்தால், அங்கே கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் இடையில் ஏறத்தாழ 41 நிமிட வேறுபாடு. தீவின் மக்கள் இந்த வேறுபாட்டோடு வாழப் பழகியவர்கள். 2019ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரின் ஒரு வாடகை அறையில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கான அளவீடுகளைச் செய்துகொண்டிருந்த மாணவி ஒருவருக்குப் பழக்கமில்லாத வேறுபாடு இன்னொன்று இருந்தது. அதன் அளவு 5 மணி 30 நிமிடம். அது இருப்பதே நான்கு வாரங்கள் அவருக்குத் தெரியாது.

அவருடைய ஆய்வுப்பொருள் தீவுகளில் பேசப்படும் தமிழ். அதிலும் குறிப்பாக, மெய்யெழுத்துகள் இரட்டிக்கும் இடங்களில் ஒலி எத்தனை மில்லிநொடி நீள்கிறது என்பது. ‘பத்து’ என்ற சொல்லில் நாக்கு பல்லின் பின்புறத்தை எவ்வளவு நேரம் அடைத்து நிற்கிறது, இந்தியும் வங்காளமும் கலந்து பேசும் பேரப்பிள்ளைகளின் வாயில் அந்த அடைப்பு சுருங்குகிறதா என்பன போன்ற கேள்விகள். அவர் பதிவுசெய்த குரல்களில் முதன்மையானது ஒரு பாட்டியுடையது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். பாட்டி அவர்களில் ஒருவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு போர்ட் பிளேரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். தாம் பிறந்த வரிசை வீட்டை ‘லயம்’ என்றே கடைசிவரை சொன்னார். 2019இன் நடுவில் பாட்டி இறந்துபோனார். பதிவுகள் மட்டும் எஞ்சின.

பதிவுகள் எஞ்சுவது அந்த ஊரில் சிறிய செய்தியன்று. அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று காலமானது அதே போர்ட் பிளேரில்தான். அன்விதா அப்பி செய்துவைத்த ஆவணப்பதிவுகள் இல்லையென்றால் அம்மொழியின் ஓசை அன்றோடு முடிந்திருக்கும். தமிழுக்கு அந்த அபாயம் இல்லை. ஆனால் கச்சாலில் வாழ்ந்த ஒரு மலையகத்துப் பெண்ணின் தமிழ் என்பது கோடிக்கணக்கானோர் பேசும் மொழியன்று. அதற்கும் எண்ணிக்கை உண்டு. அது குறைந்துகொண்டே வருகிறது.

ஒலிப்பதிவையும் எழுத்துப்பெயர்ப்பையும் இணைத்து, ஒவ்வோர் ஒலியும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று எல்லை குறிக்கும் நிரல்கள் உள்ளன. அவற்றை நிறுவுவது மொழியியல் மாணவர்களுக்குப் பெரும்பாடு. ஒன்றுக்கு ஒரு பதிப்பு வேண்டும்; மற்றொன்றுக்கு அந்தப் பதிப்பே ஆகாது. ஆகவே தாய்நிலத்தில் நெறியாளரின் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் நிறுவி, அதன் வட்டுப்படிமத்தை ஒரு வன்தட்டில் ஏற்றி அனுப்பினார்கள். சுமார் 40 ஜிபி. தீவுகளின் இணையம் அப்போது செயற்கைக்கோளை நம்பி இருந்தது. அவ்வளவு பெரிய கோப்பை அதன் வழியே இறக்குவதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை. வன்தட்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்துசேர்ந்தது. “எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் இதே மாதிரிதான் ஓடும்மா, கவலைப்படாதே” என்று நெறியாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அந்த உறுதிமொழி அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பன்று. மெய்நிகர் இயந்திரம் என்ற கருத்தே அதைத்தான் தருகிறது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் தோற்றம் காட்டி, உள்ளே ஒரு முழு லினக்ஸை ஓடவிடுவது. உள்ளே இருக்கும் கெர்னல், அதாவது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் மையப்பகுதி, வீடு முழுவதும் தன்னுடையது என்று நம்பும் குடித்தனக்காரரைப் போன்றது. வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். தண்ணீர்க் குழாயும் மின்சார மீட்டரும் அவர் கையில். இந்த ஏற்பாடு எப்போது நேர்மையானது என்பதை 1974இல் போபெக், கோல்ட்பர்க் என்ற இருவர் முறைப்படி வரையறுத்தார்கள். அவர்கள் விதித்த முதல் நிபந்தனை, உள்ளே ஓடும் நிரல் வெறும் இயந்திரத்தில் ஓடுவதுபோலவே ஓட வேண்டும் என்பது. அதே வரையறையில் இரண்டு விலக்குகளையும் எழுதிவைத்தார்கள்: கிடைக்கும் வளங்களின் அளவால் வரும் வேறுபாடு, நேரத்தால் வரும் வேறுபாடு. ஐம்பது ஆண்டுகளாக அந்த நிபந்தனையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். விலக்குகளைப் படிப்பவர் குறைவு.

முதலில் வந்தது சத்தமான பிழை. கல்லூரி ஒன்றின் ஆய்வகத்திலிருந்த மேசைக்கணினியில் படிமத்தை ஏற்றி ஓட்டியபோது, எல்லை குறிக்கும் நிரல் தொடங்கிய மறுகணமே இறந்தது. ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒற்றை வரி. சிறைச்சாலையைப் பார்க்க உலகமே வந்துபோகும் ஊரில் சட்டவிரோதக் கட்டளைக்கு உடனடித் தண்டனை கிடைத்தது என்று அறைத்தோழி சிரித்தாராம். காரணம் எளிது. தாய்நிலத்து ஆய்வகத்தில் அந்த நிரலைத் தொகுத்தவர், ‘இந்தச் செயலிக்கு ஏற்றபடி’ என்ற விருப்பத்தைத் தேர்ந்திருந்தார். அங்கிருந்த செயலிக்கு ஏவிஎக்ஸ் எனப்படும் கூடுதல் கட்டளைத் தொகுதி தெரியும். கல்லூரியின் பென்டியம் செயலிக்கு அது தெரியாது. உள்ளே கெர்னல் ஒன்றுதான். ஆனால் கெர்னல் செயலியைப் படைப்பதில்லை, கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது.

அவருடைய சொந்த மடிக்கணினியில் ஏவிஎக்ஸ் தெரிந்த செயலி இருந்தது. அதிலும் நிரல் அதே வரியைச் சொல்லி இறந்தது! இங்குதான் ஒரு பகல் முழுவதும் போயிற்று. மேசைக்கணினியில் இல்லாத ஒன்று; மடிக்கணினியில் இருந்தும் மறைக்கப்பட்ட ஒன்று. விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடிப்பட்டையில் ஒரு சிறு பச்சை ஆமைப் படம் தெரிந்தது. விண்டோஸின் சொந்த மெய்நிகர் அடுக்கான ஹைப்பர்-வி ஏற்கெனவே செயலியின் வசதிகளைக் கைப்பற்றிவிட்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன்மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது என்பதற்கான அடையாளம் அந்த ஆமை. எப்போதோ நிறுவி மறந்துபோன டாக்கர் மென்பொருள் ஹைப்பர்-வியை இயக்கி வைத்திருந்தது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் ஏவிஎக்ஸ் உள்ளே போய்ச்சேரவில்லை. உள்ளிருக்கும் கெர்னலிடம் செயலியின் திறன்பட்டியலைக் கேட்டால், அது தனக்குக் காட்டப்பட்டதை மட்டும் நேர்மையாகச் சொன்னது. ஹைப்பர்-வியை நிறுத்தி மடிக்கணினியை மறுபடி தொடங்கியதும் ஆமை மறைந்தது, நிரல் ஓடியது. அந்தமான் கடற்கரைகளில் முட்டையிட வரும் பச்சை ஆமை மணலில்தான் தடுமாறும். கடலுக்குள் போய்விட்டால் அதன் வேகமே வேறு. படத்தைத் தேர்ந்தவர் கரையில் மட்டும் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை இன்னும் சுவையானது. மடிக்கணினி பழுதுபார்க்கப் போன ஒரு வாரம், நண்பர் ஒருவரின் பழைய ஆப்பிள் மடிக்கணினியில் அதே படிமம் ஓடியது. ஆப்பிளின் கோப்பு முறைமை 2017இல் மாறுவதற்கு முந்தைய இயந்திரம் அது. ஒலிக்கோப்புகளை ஆப்பிள் வட்டிலிருந்து ஆர்-சிங்க் வழியாக உள்ளே நகலெடுத்துவிட்டு, சொற்பட்டியலோடு ஒப்பிட்டபோது சில கோப்புகள் ‘இல்லை’ என்று வந்தது. திரையில் பார்த்தால் அவை இருந்தன. பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. ஆனாலும் நிரல் இல்லையென்றே சொன்னது.

இல்லாமற்போன சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். கொக்கு, தோணி, சோறு, போக்கு, தொட்டில். எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருந்தது. மொழியியல் படித்தவருக்கு அந்தக் கணம் உடல் சிலிர்த்திருக்கும். இதழ் குவித்து ஒலிக்கும் பின்னுயிர்கள் மட்டும் தவறுகின்றன என்றால், ஏதோ ஒலியியல் காரணம் இருக்க வேண்டும்! பதிவுக்கருவியா, பொருத்தும் நிரலின் ஒலிமாதிரியா என்று அரைநாள் அந்தத் திசையில் தேடினார். பிறகு தமக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடத்தைச் செய்தார்: எதிர்ச்சான்று தேடுவது. ‘குடம்’ இருந்தது. அது பரவாயில்லை, உகரம் வேறு. ‘ஒட்டு’, ‘ஓடை’ இரண்டும் இருந்தன. அங்கே ஒலியியல் விளக்கம் சரிந்தது. சொல்லின் முதலில் தனி உயிராக நிற்கும் ஒ, ஓ தப்பித்துக்கொண்டன. மெய்யோடு சேர்ந்து உயிர்மெய்யாக நின்றவை மட்டும் காணாமற்போயின. வாய்க்கு இரண்டும் ஒரே உயிர். வேறுபாடு எழுத்தில்தான்.

‘கொ’ என்ற எழுத்தை எப்படி எழுதுவது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று சொல்லும். யூனிகோடும் அதே கேள்விக்கு இரண்டு விடைகளை ஏற்றுக்கொள்கிறது. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக வைக்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாகப் பிரித்தும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று தரநூல் சொல்கிறது. திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் கெர்னலுக்குள்ளேயே அதைப் பிரித்து எழுதிவைக்கும். லினக்ஸ் கெர்னலின் வழக்கம் அதற்கு நேர்மாறு. கோப்பின் பெயர் என்பது அதற்கு வெறும் பைட் வரிசை. சாய்கோடும் சுழியப் பைட்டும் இல்லாத எதுவும் பெயராகலாம், அதன் பொருளைப் பற்றி அதற்குக் கவலையில்லை. சொற்பட்டியலோ உள்ளே லினக்ஸில் தட்டச்சு செய்யப்பட்டது. கொம்பும் காலும் அதில் சேர்ந்தே இருந்தன. விண்டோஸிலிருந்து வந்த கோப்புகளிலும் அப்படியே. ஆப்பிளிலிருந்து வந்தவற்றில் மட்டும் கால் தனியே கழன்றிருந்தது. தனி ஒகரத்துக்குக் கொம்பும் இல்லை, காலும் இல்லை. ஆகவே அது தப்பியது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? இரண்டு கெர்னல்களும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்தன. பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் ஒரு சிறு நிரலை எழுதி, கோப்புகள் உள்ளே வரும் வாசலில் அவர் வைத்தார். வேலை முடிந்தது. எழுத்தும் ஒலியும் வேறு வேறு என்று முதுகலை முதல் பருவத்தில் சொல்லிக்கொடுப்பது தேர்வுக்கு மட்டும் உரியதென்று நினைக்கும் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

மூன்றாவது பிழைக்குக் குரல் இல்லை. நிரல் இறக்கவில்லை, கோப்பு காணாமற்போகவில்லை, எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. அட்டவணை அழகாக வந்தது. அதன்படி, பாட்டியின் இரட்டித்த மெய்கள் எதிர்பார்த்ததைவிடக் குறுகியிருந்தன. பேரப்பிள்ளைகளின் அளவுக்குக் கிட்டத்தட்ட நெருங்கியிருந்தன. அப்படியென்றால் இந்தச் சுருக்கம் போர்ட் பிளேரில் நேர்ந்ததன்று, கச்சாலிலேயே, ஒருவேளை அதற்கும் முன்பே தொடங்கியது என்று வாதிடலாம். புதிய வாதம். அதை ஒரு கருத்தரங்கின் ஆய்வுச்சுருக்கத்தில் எழுதி அனுப்பியும் விட்டார்.

பழக்கத்தின்படி தாம் திருத்திய எல்லைக்குறிப்புக் கோப்புகளை நெறியாளருக்கும் அனுப்பினார். அவை சில கேபி மட்டுமே. தொலைபேசி இணையத்தில் போய்விடும். ஆய்வகத்தில் அதே படிமத்தில் அதே பதிவுகளை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வந்த அட்டவணை வேறு. பாட்டியின் மெய்கள் அதில் நீண்டிருந்தன.

“இங்கே சரியாத்தானேம்மா ஓடுது.”

“இங்கேயும் சரியாத்தான் சார் ஓடுது.”

இருவர் சொன்னதும் உண்மை. அதுதான் சிக்கல். ஒரே வட்டுப்படிமம், ஒரே கெர்னல், ஒரே ஒலி, ஒரே திருத்தங்கள். ஒரு முதியவளின் வாயைப் பற்றி இரண்டு வாக்குமூலங்கள். அந்த வாயை மீண்டும் பேசச்சொல்லிக் கேட்க முடியாது.

அவர் அடுத்துச் செய்தது கணினிப் பாடப்புத்தகத்திலிருந்து வந்த வழியன்று. இரண்டு இடங்களிலும் கெர்னல் தொடங்கும்போது எழுதும் நாட்குறிப்பை, ‘டி-மெசேஜ்’ என்று சொல்வார்களே, அதை எடுத்து இரண்டு ஏட்டுப்பிரதிகளைப் போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உ.வே.சாமிநாதையர் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த கதையைக் கேட்டு வளர்ந்த துறையில் இருந்து வந்தவருக்கு அது இயல்பான காரியம். ஒவ்வொரு வரியின் தலையிலும் இருக்கும் நொடிக்கணக்கு எப்படியும் மாறுபடும். அதை முதலில் நீக்கினார். பிறகு வரிக்கு வரி பேதம் குறித்தார். ஆய்வகப் பிரதியில் ‘ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது: கேவிஎம்’ என்ற வரி இருந்தது. லினக்ஸுக்குள்ளேயே 2007இல் 2.6.20 பதிப்போடு சேர்ந்த மெய்நிகர் அடுக்கு அது. மடிக்கணினிப் பிரதியில் அந்த வரியே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் இயந்திரத்தைப் புதிதாகப் பதிவுசெய்தபோது, உள்ளே ஓடப்போவது எந்த வகை இயங்குதளம் என்ற கேள்விக்கு ‘பிற’ என்ற விடையைத் தேர்ந்தது அவர் நினைவுக்கு வந்தது. வட்டுதானே முக்கியம், வகை எதுவானால் என்ன என்று அன்று தோன்றியது.

வகையை லினக்ஸ் என்று மாற்றிவிட்டு மறுபடி தொடங்கினார். இப்போது மடிக்கணினிப் பிரதியிலும் ‘கேவிஎம்’ என்று வந்தது! விண்டோஸ் மேல் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ் எப்படிக் கேவிஎம் ஆகும் என்று ஒரு மாலை முழுதும் குழப்பம். உள்ளிருப்பது லினக்ஸ் என்று தெரிந்தால், அது ஏற்கெனவே பழகிய முகத்தைக் காட்டுவது நல்லது என்று விர்ச்சுவல்பாக்ஸே கேவிஎம் வேடம் போட்டுக்கொள்கிறது. ஆள்மாறாட்டம்தான், ஆனால் உபகாரத்துக்காக. இதனால் வேகம் சற்றுக் கூடியது. அட்டவணை மாறவில்லை.

விடை, அவர் பேதமாகக் கருதாமல் ஒதுக்கிய ஒரு வரியில் இருந்தது. கணினியின் தாய்ப்பலகையில் சிறு மின்கலத்தால் ஓடும் ஆர்டிசி என்ற வன்பொருள் கடிகாரம் உண்டு. கெர்னல் தொடங்கும்போது அதைப் படித்து, ‘கணினி நேரத்தை இன்னதாக அமைக்கிறேன், யூடிசி’ என்று ஒரு வரி எழுதும். நேரம் என்பதால் அது மாறுபடத்தானே செய்யும் என்று அவர் விட்டுவிட்டார். இரண்டாம் முறை பார்த்தபோது, ஆய்வகப் பிரதி 05:40 யூடிசி என்றது. அங்கே அதை ஓட்டியது காலை 11:10க்கு. 5 மணி 30 நிமிடம் கழித்தால் சரியாக வருகிறது. மடிக்கணினிப் பிரதி 14:32 யூடிசி என்றது. அறைச் சுவரிலிருந்த கடிகாரத்திலும் அப்போது 14:32தான்.

லினக்ஸ், வன்பொருள் கடிகாரம் யூடிசியில் ஓடுகிறது என்று கொள்ளும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தில் ஓட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் எதைக் காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு சிறு தேர்வுப்பெட்டி உண்டு. வகை ‘பிற’ என்று இருந்ததால் அந்தப் பெட்டி வெறுமையாக இருந்தது. வகையை மாற்றியபோதும் அது தானாக நிரம்பவில்லை. ஆகவே உள்ளிருந்த லினக்ஸ் இந்திய நேரத்தையே யூடிசி என்று நம்பி, அதன்மேல் இன்னொரு 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டிக்கொண்டு, பிற்பகல் 3 மணியை இரவு 8:30 என்று எண்ணியபடி வாழ்ந்தது.

அப்படியே எப்போதும் தவறாக இருந்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. எல்லாக் கோப்புகளும் சேர்ந்தே ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்திருக்கும். முன்பின் வரிசை கெடாது. கெடுத்தது இணையம். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், மின்னஞ்சல் பார்க்கத் தொலைபேசியை மடிக்கணினியோடு இணைப்பார். அந்த அரைமணி நேரத்தில் உள்ளிருந்த லினக்ஸ், வலைவழி நேரம் சரிபார்க்கும் என்டிபி சேவையகத்தை எட்டிப்பிடித்து, தன் கடிகாரத்தைச் சட்டென்று பின்னோக்கித் தள்ளிச் சரிசெய்துகொள்ளும். பகலில் 3 மணிக்குப் பிறந்த முடிவுக்கோப்பு இரவு 8:30 என்ற முத்திரையைத் தாங்கி அங்கேயே நிற்கும். கடிகாரம் சரியான பிறகு, இரவு 8:10க்குப் பாட்டியின் ‘பத்து’, ‘பாக்கு’ ஆகியவற்றின் எல்லைகளைக் காதால் கேட்டு, கையால் திருத்திச் சேமிப்பார். மறுநாள் காலையில், எவை மாறியிருக்கின்றனவோ அவற்றை மட்டும் மீண்டும் கணக்கிடச் சொல்லும் மேக்ஃபைலை ஓட்டுவார். அது இரண்டு முத்திரைகளையும் பார்க்கும்: திருத்தம் 8:10, முடிவு 8:30. முடிவு திருத்தத்துக்குப் பிந்தையது; செய்ய வேலை இல்லை. கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருந்தால் அந்தக் கருவி எச்சரிக்கும். ஆனால் காலை விடிவதற்குள் அந்தப் பொய்யான எதிர்காலம் இறந்தகாலம் ஆகிவிட்டிருக்கும்.

இவ்வாறு இணையம் வந்த இரவுகளின் திருத்தங்கள் அட்டவணைக்குள் நுழையவே இல்லை. அங்கே இருந்தவை எல்லை குறிக்கும் நிரல் தானாக வெட்டிய அளவுகள். இரட்டித்த மெய்களை அது வழக்கமாகக் குட்டையாகவே வெட்டியது. பேரப்பிள்ளைகளின் கோப்புகளை அவர் பெரும்பாலும் பகலில், இணையமில்லாத நாள்களில் திருத்தியிருந்தார். பாட்டியின் குரலை இரவில் கேட்பதுதான் வழக்கம்.

ஊகம் ஊகமாகவே நின்றுவிடக்கூடாது என்பதால் அவர் தம் களக்குறிப்பேட்டை எடுத்தார். ஒரு நாளின் பக்கத்தில் ‘3:20க்கு மின்சாரம் போயிற்று, அதுவரை ஓடியது’ என்று எழுதியிருந்தது. அன்று பிறந்த கடைசி முடிவுக்கோப்பின் முத்திரை இரவு 8:47. பேனாவால் எழுதிய ஒரு வரி, கெர்னலின் சாட்சியத்தை மறுத்தது.

தேர்வுப்பெட்டியில் ஒரு சொடுக்கு. பெறப்பட்ட கோப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து கணக்கிட இரண்டு இரவுகள். இரண்டு அட்டவணைகளும் பொருந்தின. கடைசித் தசம இலக்கங்களைத் தவிர. புதிய செயலிகள் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்து ஒரு முறை மட்டும் முழுமையாக்குகின்றன, பழையவை இரண்டு முறை. அந்த வேறுபாடு மில்லிநொடியைத் தொடாது. கருத்தரங்கு அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் கடிதத்தை எழுத, பிழையைக் கண்டுபிடித்ததைவிட அதிக நேரம் ஆனது என்று சொல்வார். அத்தியாயத்தில் இரண்டு பக்கங்கள் நீங்கின. பாட்டியின் பேரில் நடக்காத ஒரு மாற்றத்தை ஏற்றிச்சொன்ன பக்கங்கள் அவை.

“இங்கே அந்தப் பிரச்சினையே வரலையேம்மா” என்றார் நெறியாளர், உண்மையான வியப்போடு.

“அங்கே எப்பவும் நெட் இருக்கு சார். அதான்.”

அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வகத்தின் ஏற்பாடு தீவு ஏற்பாட்டைவிட ஒழுங்கானது என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே கேவிஎம் யூடிசியைக் கொடுத்தது; அது தவறியிருந்தாலும், படிமம் கண்விழித்த சில நொடிகளில் என்டிபி வந்து மூடிவிட்டிருக்கும். ‘எங்கும் ஒரேபோல் ஓடும்’ என்ற வாக்கு, அறுபடாத இணையம் என்ற தூணின்மேல் நின்றது. அந்தத் தூண் இருப்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. தீவில் அது வாரம் மூன்று இரவு மட்டும் இருந்ததால்தான் கண்ணில் பட்டது. களப்பணியாளர் பதிவுத்தாளில் ஒலிவாங்கியின் பெயரை எழுதுகிறார், மாதிரி வீதத்தை எழுதுகிறார், காற்றாடி ஓடியதா என்பதைக்கூட எழுதுகிறார். கணக்கிட்ட இயந்திரத்தைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. அவருடைய தாளில் இப்போது நான்கு கட்டங்கள் கூடுதலாக உள்ளன: ஹோஸ்ட் எது, கெர்னல் பதிப்பு எது, செயலியின் திறன்பட்டியல், தொடங்கியபோது கடிகாரம் காட்டிய நேரம். நான்காவது கட்டத்தின் அருகில் இன்னொரு நேரமும் எழுதப்படும். அது சுவர்க்கடிகாரத்தின் நேரம்.

2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைக்கப்பட்டது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கமோர்ட்டா, கார் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுக்குமாக ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் அது கடலுக்கடியில் ஓடுகிறது. 2024 செப்டம்பரில் நகரின் பெயரும் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. இப்போது 40 ஜிபி படிமத்துக்காக யாரும் கப்பலை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆனால் அந்த அறையில் புதிய படிமம் எது வந்தாலும், முதல் தடவை இணைய வடத்தைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கப்படுகிறது. கெர்னல் தன் நாட்குறிப்பை எழுதிமுடிக்கும்வரை காத்திருந்து, அவர் அந்த ஒரு வரியை மட்டும் தேடி எடுத்து, நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறார்.